பழைய ஆட்டோகரெக்ட் சுருக்கங்களைப் புது எக்ஸ்பேண்டருக்குக் கொண்டுபோவது

டைப் அடித்துப் பிழைக்கும் ஒருவருக்கு வேகம் விரலில் பாதி, அவர் சேர்த்துவைத்த சுருக்கங்களில் பாதி. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் டிடிபி கடையில் 'கிப' என்று தட்டி ஸ்பேஸ் அடித்தால் 'சுத்தக் கிரயப் பத்திரம்' வந்து நிற்கும். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் நாலு எழுத்து தட்டினால் சாம்பிள் அப்ரூவல் கேட்கும் பத்தி முழுசாக விழும். கோவையில் பம்ப் கம்பெனிக்குக் கொட்டேஷன் போடுபவருக்கு வாரண்டி நிபந்தனை மூன்று எழுத்தில் முடிந்துவிடும். இதெல்லாம் பெரும்பாலும் வேர்டில், அடித்ததைத் தானாக மாற்றும் ஆட்டோகரெக்ட் பட்டியலில் சேர்ந்திருக்கும். பிரவுசரிலோ, வாட்ஸ்அப் வெப்பிலோ, பதிவுத்துறை இணையதளத்திலோ அவை வேலை செய்யாது. அதனால்தான் எஸ்பேன்ஸோ, ஆட்டோஹாட்கீ, ஃப்ரேஸ்எக்ஸ்பிரஸ் போன்ற எக்ஸ்பேண்டர்களுக்கு மாற வேண்டிவருகிறது. இவை எந்தப் புரோகிராமில் அடித்தாலும் சுருக்கத்தை விரிக்கும்.

மாற நினைக்கிறவர்கள் முதலில் தேடுவது 'இம்போர்ட்' பட்டன். அதை அழுத்துவது 2 நிமிட வேலை. பட்டியலைச் சுத்தம் செய்வதற்குத்தான் நேரம் பிடிக்கும். தமிழ்ப் பட்டியல் என்றால் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். சுத்தம் செய்யாமல் ஏற்றினால் பாதி சுருக்கம் விரியாது, மீதி தப்பாக விரியும். இரண்டாவது வகைதான் ஆபத்தானது. சர்வே எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் பதிவு முடிந்த பிறகு பிழைத்திருத்தல் பத்திரம்தான் வழி.

முதலில் பட்டியலை வெளியே எடுப்போம்.

வேர்ட் தன் ஆட்டோகரெக்ட் பட்டியலை இரண்டு இடங்களில் வைக்கிறது. ஃபார்மேட்டிங் இல்லாத வெறும் எழுத்துச் சுருக்கங்கள் ஏசிஎல் கோப்பில் இருக்கும். போல்டு, ஃபான்ட் எல்லாம் சேர்த்துச் சேமித்தவை நார்மல் டெம்ப்ளேட்டுக்குள் இருக்கும். அதோடு ஏசிஎல் கோப்பு மொழிக்கு ஒன்றாகப் பிரிந்திருக்கும். கோப்பின் பெயரில் வரும் எண்தான் மொழி: 1033 என்றால் அமெரிக்க ஆங்கிலம், 16393 இந்திய ஆங்கிலம், 1097 தமிழ். பத்தியின் மொழி எதுவாகக் குறிக்கப்பட்டிருந்ததோ அந்தக் கோப்பில்தான் சுருக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். 'நான் சேர்த்ததில் பாதியைக் காணோம்' என்று சொல்பவர்களின் மீதிப் பாதி பெரும்பாலும் இன்னொரு மொழிக் கோப்பில் பத்திரமாக இருக்கும். அதனால் ஆப்டேட்டா ஃபோல்டரில் மைக்ரோசாஃப்ட், அதற்குள் ஆஃபீஸ் ஃபோல்டரைத் திறந்து, ஏசிஎல் என்று முடியும் எல்லாக் கோப்புகளையும் முதலில் பென்டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். நார்மல் டெம்ப்ளேட்டையும் கூடவே எடுங்கள்.

ஏசிஎல் கோப்பை நோட்பேடில் திறந்து படிக்க முடியாது. ஃப்ரேஸ்எக்ஸ்பிரஸ் வேர்டின் பட்டியலை நேரடியாக வாங்கிக்கொள்ளும். மற்றவற்றுக்கு வேர்டிலேயே ஒரு சின்ன மேக்ரோ (வேர்டுக்குள் ஓடும் சிறு நிரல்) எழுதி, ஆட்டோகரெக்ட் என்ட்ரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பெயர், ஒரு டேப், மதிப்பு, ஒரு என்டர் என்று கொட்ட வேண்டும். பத்து வரிக்கு மேல் போகாது. தமிழில் அடிப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இதில் உண்டு. இணையத்தில் கிடைக்கும் பல மேக்ரோக்கள் 'பிரிண்ட்' கட்டளையால் நேராகக் கோப்பில் எழுதும். அது கோட்பேஜ் எனப்படும் விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுப்பில் எழுதுவதால், எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் உள்ள தமிழ் எல்லாம் கேள்விக்குறி வரிசையாக மாறிவிடும். மேக்ரோ ஒரு காலி வேர்ட் டாக்குமென்ட்டில் கொட்டட்டும். அந்த டாக்குமென்ட்டை 'ப்ளெயின் டெக்ஸ்ட்' ஆகச் சேமிக்கும்போது கேட்கும் பெட்டியில், யூனிகோடைச் சேமிக்கும் வடிவமான யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். ஃபார்மேட்டிங் உள்ள என்ட்ரிகளை மதிப்பாக எடுக்காமல், 'அப்ளை' முறையால் டாக்குமென்ட்டில் பதிய வைத்து எடுப்பதுதான் நம்பகமானது.

இப்படிக் கொட்டிய பட்டியலில் வேர்ட் தானாக வைத்திருக்கும் ஆங்கில எழுத்துப்பிழைத் திருத்தங்களும் வந்து சேரும். அவற்றை நீக்கிவிடுங்கள். அவை வேர்டுக்குச் சொந்தமானவை, எக்ஸ்பேண்டருக்கு எடுத்துப்போகத் தேவையில்லை.

போனில் ஜிபோர்டில் சேர்த்தவை இருந்தால், கீபோர்டு செட்டிங்ஸில் டிக்ஷனரி, அதில் பர்சனல் டிக்ஷனரி, மேலே மெனுவில் எக்ஸ்போர்ட். ஒரு ஜிப் வரும். உள்ளே இருக்கும் டெக்ஸ்ட் கோப்பில் சுருக்கம், விரிவு, மொழி என்று டேப் பிரித்த வரிகள் இருக்கும். # குறியில் தொடங்கும் தலைப்பு வரிகளை எடுத்துவிட்டால் மீதி அப்படியே உதவும். மேக் வைத்திருப்பவர்கள் கீபோர்டு செட்டிங்ஸில் உள்ள டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட் பட்டியலில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து டெஸ்க்டாப்புக்கு இழுத்து விட்டால் ஒரு பிலிஸ்ட் கோப்பாக இறங்கிவிடும்.

எங்கிருந்து வந்தாலும் எல்லாம் ஒரே நடுப் பட்டியலில் சேர வேண்டும். முதல் நெடுவரிசை சுருக்கம், இரண்டாவது விரிவு, மூன்றாவது எங்கிருந்து வந்தது. நேரடியாக ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். இந்த நடுப் பட்டியல் கையில் இருந்தால், நாளைக்கு வேறு எக்ஸ்பேண்டருக்குப் போனாலும் மறுபடியும் முதலிலிருந்து மெனக்கெட வேண்டியதில்லை.

எக்செல் செய்யும் சேதம்

நடுப் பட்டியலை எக்செலில் டபுள் கிளிக் செய்து திறப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய சேதத்தை உண்டாக்கும் செயல். எக்செல் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, இது எண்ணா, தேதியா என்று தானே முடிவு செய்துகொள்ளும்.

கோவை 0422, திருப்பூர் 0421, ஈரோடு 0424. மூன்றிலும் முன்னால் உள்ள 0 போய்விடும். ஈரோட்டு மஞ்சள் வியாபாரி பில்லுக்கு வைத்திருக்கும் எச்எஸ்என் என்னும் சரக்குக் குறியீடு 0910 வெறும் 910 ஆகிவிடும். பனியன் பில்லுக்கு வைத்த 6109-க்கு ஒன்றும் ஆகாது. ஒன்று சரியாக இருப்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். புல எண் 12/3 என்று தனியாக ஒரு சுருக்கம் இருந்தால் அது மார்ச் 12 ஆகிவிடும். 155/2 தேதியாக முடியாது என்பதால் தப்பித்துக்கொள்ளும். பேங்க் கணக்கு எண் 16 இலக்கம் என்றால் எக்செல் 15 இலக்கம் வரைதான் காப்பாற்றும், கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். 12 இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண்ணைச் சுருக்கிக் காட்டும். கட்டங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரியும் அந்தச் சுருக்க வடிவமே கோப்பில் போய்விடும். கட்டத்தை அதன் பிறகு 'டெக்ஸ்ட்' என்று மாற்றினாலும் இழந்தது திரும்பி வராது.

லிப்ரே ஆஃபீஸ் கால்க் இந்த வேலைக்கு நல்லது. திறக்கும்போதே ஒரு பெட்டி கேட்கும்: எழுத்துத் தொகுப்பு யூனிகோட் யுடிஎஃப்-8, பிரிப்பான் டேப் மட்டும், கீழே தெரியும் எல்லா நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து வகை 'டெக்ஸ்ட்'. எக்செல்தான் இருக்கிறது என்றால் டபுள் கிளிக் செய்யாமல், காலி ஷீட்டில் டேட்டா மெனு வழியாக டெக்ஸ்ட்/சிஎஸ்வி இம்போர்ட் எடுத்து, ஃபைல் ஆரிஜின் 65001 தேர்ந்து, டேட்டா வகையைக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சேமிக்கும்போதும் கவனம் வேண்டும். எக்செலின் 'டேப் டிலிமிட்டட் டெக்ஸ்ட்' தமிழைக் கேள்விக்குறியாக்கும். 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' சரியாகச் சேமிக்கும். ஆனால் கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்னும் கண்ணுக்குத் தெரியாத குறியைச் சேர்க்கும். எல்லாச் சுருக்கமும் வேலை செய்து, முதல் வரியில் உள்ளது மட்டும் விரியவில்லை என்றால் காரணம் இதுதான். நோட்பேட்++ திறந்து என்கோடிங் மெனுவில் பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8-க்கு மாற்றினால் தீர்ந்தது. ஆட்டோஹாட்கீயின் முதல் பதிப்புக்கு நேர் எதிர்: அங்கே பிஓஎம் இருந்தால்தான் தமிழ் சரியாகப் படிக்கப்படும். இரண்டாம் பதிப்பு பிஓஎம் இல்லாமலும் யுடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும்.

பாமினியில் சேர்த்த பட்டியல்

பத்திரக் கடைகளிலும் அச்சகங்களிலும் இருக்கும் பழைய பட்டியல்களில் பெரும்பகுதி பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் அடித்தவை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியேற்றங்களும் (எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் முறைகள்) தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே நாள்களில், தமிழக அரசு யூனிகோடை ஏற்று அரசாணை போட்டது. ஆனாலும் கடைகளில் பாமினி நின்றுபோகவில்லை.

பாமினி கோப்பில் உண்மையில் இருப்பது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகள். ஃபான்ட்தான் அவற்றைத் தமிழ் உருவமாகக் காட்டுகிறது. 'தமிழ்' என்று திரையில் தெரிவது கோப்பில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எக்ஸ்பேண்டருக்கு ஃபான்ட் தெரியாது. அப்படியே இம்போர்ட் செய்தால் பிரவுசரில் அந்த ஆங்கில எழுத்துகள்தான் விழும். ஆகவே யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டர் பாமினி, டாம், டாப், டிஸ்கி ஆகிய பழைய முறைகள் எல்லாவற்றையும் மாற்றும்.

மாற்றும்போது பட்டியல் முழுவதையும் ஒரே அடியாகக் கன்வர்ட்டரில் போடக் கூடாது. சுருக்க நெடுவரிசையும் சேர்ந்து மாறிவிடும், விரிவுக்குள் உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். இரண்டாவது நெடுவரிசையை மட்டும், அதிலும் முழுக்கத் தமிழாக உள்ள வரிகளை மட்டும் மாற்றுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த வரிகளைத் தனியாக ஒதுக்கிவைத்துக் கையால் செய்வது நல்லது. அவை பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும்.

மாறிய பிறகும் ஒரு பிழை தங்கும். பாமினியில் 'ளகர' உருவத்துக்கும் ஔகாரத்தின் வலது பக்கக் குறிக்கும் ஒரே எழுத்துதான். அதனால் 'சௌந்தரம்' என்ற பெயர் யூனிகோடில் 'செ' என்றும் தனி 'ள' என்றும் இரண்டாக விழக்கூடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தேடினால் கிடைக்காது, இணையதளத்தில் பெயர் ஒப்பிடும் இடத்தில் பொருந்தாது. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஔகாரமாக மாற்றினால் 'கெளுத்தி' கெட்டுவிடும். எகரக் கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வரும் சொற்களை மட்டும் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். கொ, கோ போன்ற எழுத்துகளிலும் இதே மாதிரி: கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக நிற்கலாம், ஒரே குறியாகவும் இருக்கலாம். யூனிகோடில் என்எஃப்சி என்ற வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது சரியாகும். ளகரச் சிக்கல் மட்டும் அதில் தீராது.

பேஜ்மேக்கர் இன்னும் ஓடும் அச்சகங்கள் பாமினிப் பட்டியலைத் தூக்கிப் போடக் கூடாது. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. கல்யாணப் பத்திரிகை அங்கே அடிப்பதாக இருந்தால் பாமினி விரிவுகள் ஒரு கோப்பிலும், யூனிகோட் விரிவுகள் இன்னொரு கோப்பிலும் இருக்கட்டும். எஸ்பேன்ஸோவில் ஒரு புரோகிராமுக்கு மட்டும் பொருந்தும் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பு எழுதி, 'ஃபில்டர்_எக்ஸெக்' என்ற வரியில் அந்தப் புரோகிராமின் பெயரைக் கொடுத்தால், பேஜ்மேக்கர் திறந்திருக்கும்போது பாமினித் தொகுப்பும் மற்ற நேரத்தில் யூனிகோட் தொகுப்பும் வரும்படி செய்யலாம். ஒரே சுருக்கத்தை இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளலாம் என்பது இதில் பெரிய வசதி.

பாமினிச் சுருக்கங்களைப் பொறுத்தவரை பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் உயிர்நாடி. சிறிய எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. ஆட்டோஹாட்கீ இயல்பாக இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். நீங்கள் பெரிய எழுத்தில் தட்டினால் விரிவையும் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் அப்படி நடந்தால் சொல்லே வேறாகிவிடும். ஒவ்வொரு ஹாட்ஸ்ட்ரிங்குக்கும் (அங்கே சுருக்கத்துக்கு அதுதான் பெயர்) 'சி' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் அடித்தபடி மட்டும் பொருந்தும்.

எந்தச் சுருக்கம் எப்போது விரியும்

பழைய பட்டியல் புது வீட்டில் சண்டை போடுவதற்கு முக்கியக் காரணம் இது. வேர்ட் ஆட்டோகரெக்ட் நீங்கள் ஸ்பேஸோ, என்டரோ, நிறுத்தக்குறியோ அடித்த பிறகுதான் விரிக்கும். எஸ்பேன்ஸோ இயல்பாக, கடைசி எழுத்து விழுந்த அந்தக் கணமே விரிக்கும். 'பத்' என்பது 'பத்திரம்' ஆக விரியும் என்று வைத்திருந்தால், வேர்டில் 'பத்து' என்று நிம்மதியாக அடிக்கலாம். எஸ்பேன்ஸோவில் 'பத்' வந்ததுமே பத்திரம் விழுந்து, அதன் பின்னால் 'து' ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் 'வேர்ட்' என்ற விருப்பத்தை 'ட்ரூ' என்று கொடுத்தால், சொல்லின் இரண்டு பக்கமும் இடைவெளியோ நிறுத்தக்குறியோ இருந்தால்தான் விரியும். வேர்டிலிருந்து வந்த எல்லா வரிகளுக்கும் இதைக் கண்டிப்பாகச் சேர்க்கச் சொல்வேன். ஆட்டோஹாட்கீயில் இயல்பே ஸ்பேஸுக்குப் பிறகுதான். நட்சத்திரக் குறி போட்டால்தான் உடனே விரியும்.

சுருக்கத்துக்கு முன்னால் அரைப்புள்ளி வையுங்கள் என்று ஆங்கிலக் கட்டுரைகள் எல்லாம் சொல்லும். ஆங்கிலம் மட்டும் அடிப்பவருக்கு அது சரியான யோசனை. தமிழ்99-இல் அந்த விசை 'ந'. பாமினியில் அது மெய்ப்புள்ளி, இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை அழுத்துவது. தமிழ் அடிப்பவருக்கு அரைப்புள்ளி உதவாது. சமக்குறியும் காற்புள்ளியும் பாமினியில் வேறு எழுத்துகள்.

எங்கேயும் மாறாமல் இருப்பது மேல் வரிசை எண்கள். அதனால் பழைய சுருக்கத்துக்கு முன்னால் ஒரு 0 சேர்த்துவிடுங்கள்: 'கிப' இனி '0கிப'. இயல்பான எழுத்தில் எந்தச் சொல்லும் 0-இல் தொடங்கி எழுத்தில் தொடராது. '10கிலோ' என்று ஒட்டி அடித்தால்கூட, 'வேர்ட்' விருப்பம் இருப்பதால் குறுக்கே வராது. விரலுக்குப் பழகிய எழுத்துகளை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள். பட்டியலை ஒழுங்குபடுத்துகிறேன் என்று எல்லாவற்றுக்கும் புதுப் பெயர் வைத்தால், அத்தனை வருடம் சேர்த்த வேகம் போய்விடும்.

தமிழ் எழுத்தில் உள்ள சுருக்கங்களுக்கு இன்னொரு சோதனை தேவை. எக்ஸ்பேண்டர் விரிக்கும் முன் நீங்கள் தட்டிய சுருக்கத்தை பேக்ஸ்பேஸ் அனுப்பி அழிக்கும். எத்தனை பேக்ஸ்பேஸ் என்பதை அது தனக்குத் தெரிந்த எழுத்துக் கணக்கை வைத்து முடிவு செய்யும். சில நிலைகளில் அது திரையில் விழுந்த தமிழைப் பார்க்காமல், அழுத்திய விசைகளை எண்ணுகிறது. தமிழ்99-இல் 'பட்ட' என்று அடிக்க மூன்று விசை போதும். டகரத்தை இரண்டு தடவை அழுத்தினால் புள்ளி தானாக வந்துவிடும். ஆனால் திரையில் இருப்பது ப, ட, புள்ளி, ட என்று நான்கு குறிகள். மூன்று பேக்ஸ்பேஸ் போனால் 'ப' மிச்சம் நிற்கும், 'பட்டா எண்' என்று வர வேண்டியது 'பபட்டா எண்' என்று வரும். 'ங்க', 'ந்த', 'ண்ட', 'ம்ப' போன்ற கூட்டுகளிலும் புள்ளி தானாக விழுவதால் இதே கதை. இரட்டித்த மெய்யும் இந்த இன எழுத்துக் கூட்டுகளும் இல்லாத சுருக்கமாகப் பார்த்து வைத்தால் இந்தப் பிரச்சினையே எழாது. 'கிப' மூன்று விசை, மூன்று குறி. கணக்கு சரியாக இருக்கும்.

இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், அழகி என்று தனியாகத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டரில் எது முதலில் திறக்கிறது என்பதும் முக்கியம். இப்படிப்பட்டவை அழுத்திய விசையை இடையில் பிடிக்கும் விண்டோஸின் கீபோர்டு ஹுக்கைப் பயன்படுத்தும்போது, கடைசியாகத் திறந்ததற்கு விசை முதலில் போகும். காலையில் வேலை செய்த சுருக்கம் ரீஸ்டார்ட் செய்த பிறகு செய்யவில்லை என்றால் இந்த வரிசை மாறியிருக்கும். இரண்டையும் மூடி, வேலை செய்த வரிசையிலேயே மறுபடியும் திறந்து பாருங்கள். ஸ்டார்ட்அப்பில் தானாகத் திறக்கும்படி இருந்தால் எக்ஸ்பேண்டரைச் சற்றுத் தாமதமாகத் தொடங்க வையுங்கள், இல்லையென்றால் முன்னதாக. எது உங்கள் மென்பொருளுக்குப் பொருந்துகிறதோ அதை நிலையாக்குங்கள்.

ஏற்றும்போது

எஸ்பேன்ஸோ யாமல் என்னும் டெக்ஸ்ட் வடிவக் கோப்பைப் படிக்கிறது. ஆப்டேட்டாவில் எஸ்பேன்ஸோ ஃபோல்டர், அதற்குள் 'மேட்ச்' ஃபோல்டர். அதில் இருக்கும் 'பேஸ்' கோப்பில் கை வைக்காமல் பத்திரத்துக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று, பையர் மெயிலுக்கு ஒன்று என்று தனித்தனிக் கோப்பு வையுங்கள். கோப்பின் முதல் வரி 'மேட்சஸ்' என்ற தலைப்பும் முக்காற்புள்ளியும். அதன் கீழ் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு சிறுகோடு, 'டிரிகர்', அடுத்த வரியில் 'ரீப்ளேஸ்'. கோப்பில் இந்தச் சொற்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் மட்டும். ஒரு டேப் விழுந்தாலும் அந்தக் கோப்பு முழுவதும் படிக்கப்படாது. கால்க்கில் நான்காவது நெடுவரிசையில் ஒரு சூத்திரம் எழுதி, நிலையான சொற்களையும் முதல் இரண்டு கட்டங்களையும் & குறியால் ஒட்டினால் எல்லா வரியும் ஒரே நேரத்தில் தயார்.

மதிப்புகளை எப்போதும் மேற்கோளுக்குள் வையுங்கள். மேற்கோள் இல்லாவிட்டால் எண்ணாகத் தெரியும் எதையும் யாமல் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும், 0422 மறுபடியும் சிக்கலாகும். ஒரு முக்காற்புள்ளியும் ஸ்பேஸும் விரிவுக்குள் இருந்தால் வரி உடையும். 'எல்லைகள்: வடக்கே' என்பதில் அது இருக்கிறது. ஒற்றை மேற்கோள் பாதுகாப்பானது. இரட்டை மேற்கோளுக்குள் பின்சாய்வுக் கோடு சிறப்புக் குறியாகிவிடும், ஃபோல்டர் முகவரி வைத்திருந்தால் கெட்டுப்போகும். பல வரி விரிவுகளுக்கு நெடுங்கோட்டுக் குறி (|) போட்டுக் கீழே உள்தள்ளி எழுதலாம். கடைசியில் ஒரு காலி வரி வேண்டாம் என்றால் நெடுங்கோட்டுடன் சிறுகோடும் சேருங்கள்.

ஆட்டோஹாட்கீயில் வேறு வகைப் பிடிகள். அங்கே கூட்டல் குறி ஷிஃப்ட் என்று பொருள்படும். போன் நம்பர் '+91' என்று வைத்திருந்தால் ஷிஃப்ட்டுடன் 9 அழுத்தியதாகி, ஒரு அடைப்புக்குறியும் 1-உம் விழும். 'டி' விருப்பம் சேர்த்தால் விரிவு வெறும் எழுத்தாகவே போகும். ஸ்பேஸுக்குப் பிறகு அரைப்புள்ளி வந்தால் அதற்குப் பின் உள்ளதெல்லாம் குறிப்பு என்று விட்டுவிடும், விரிவு பாதியில் நின்றுபோகும். சுருக்கத்தின் நீளம் 40 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது யாருக்கும் தடையாக இருக்காது.

ஒரே சுருக்கம் இரண்டு இடத்தில் இருந்தால் எஸ்பேன்ஸோ எது வேண்டும் என்று ஒரு சிறு பெட்டியில் கேட்கும். அவசரமாக அடிக்கும்போது அது எரிச்சல். ஏற்றும் முன் முதல் நெடுவரிசைப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். இரட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

நீளமான பத்திகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேர்டில் ஃபார்மேட்டிங் இல்லாத என்ட்ரி 255 எழுத்துக்கு மேல் போகாது. அதனால் பழைய பட்டியலில் ஒரே பத்தி மூன்று துண்டாக, 'தடம்1', 'தடம்2', 'தடம்3' என்று கிடக்கும். எக்ஸ்பேண்டரில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஒன்றாக ஒட்டிவிடுங்கள். ஒட்டும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். நம் பக்கத்துத் தோட்டப் பத்திரம் ஒன்றில் வரும் வாசகம் இப்படி இருக்கும்: 'மேற்படி பூமிக்குச் சென்றுவர மாமூல் வண்டித்தட, நடைத்தட பாத்தியமும், மேற்படி பூமியில் உள்ள கிணற்றில் 4ல் 1 பாகமும், அதில் பொருத்தியுள்ள மின் மோட்டார் பம்ப் செட்டில் 4ல் 1 பாகமும்'. எப்போதோ ஒரு கட்சிக்காரருக்கு அடித்த அந்த '4ல் 1' சுருக்கத்துக்குள் உறைந்து கிடக்கிறது. 'ஏனுங்க, அண்ணனுக்கு அடிச்ச மாதிரியே எனக்கும் போட்டுடுங்க' என்று அடுத்தவர் வந்து நிற்கும்போது அவருடைய பங்கு 6ல் 1 ஆக இருக்கலாம். பத்தி சரளமாக விழுவதால் கண் அந்த எண்ணைத் தாண்டிப் போய்விடும்.

மாறக்கூடிய ஒவ்வொரு எண்ணையும் பெயரையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கேள்வி வைக்க வேண்டும். எஸ்பேன்ஸோவில் 'ஃபார்ம்' வசதி உண்டு. சுருக்கம் தட்டியதும் பெட்டி திறந்து கிணற்றுப் பங்கு, மோட்டார் பங்கு, தடத்தின் அகலம் என்று கேட்கும், நிரப்பிய பிறகுதான் பத்தி விழும். ஒரே ஒரு இடம் மட்டும் காலி என்றால் அங்கே டாலர், நெடுங்கோடு, டாலர் என்ற மூன்று குறிகளை வைத்தால் விரிந்ததும் கர்சர் அங்கே போய் நிற்கும். ஃபார்ம் வசதி இல்லாத மென்பொருளில் காலி இடத்தில் நான்கு நட்சத்திரக் குறி வையுங்கள். பிரிண்ட் கொடுக்கும் முன் நட்சத்திரத்தைத் தேடினால் நிரப்பாத இடம் எல்லாம் அகப்படும். நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்திக்கும் இதே முறை: வடக்கே, தெற்கே, கிழக்கே, மேற்கே என்ற சொற்கள் நிலையாக இருக்கட்டும், பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஒருபோதும் சுருக்கத்துக்குள் இருக்கக் கூடாது.

பட்டியலில் கட்சிக்காரர்களின் ஆதார் எண், பேங்க் கணக்கு, ஏன், பாஸ்வேர்டுகூட இருக்கும். எக்ஸ்பேண்டர் கோப்பு யார் திறந்தாலும் படிக்கக்கூடிய வெறும் டெக்ஸ்ட். நான்கு பேர் உட்காரும் கடைக் கம்ப்யூட்டரில் அவற்றை ஏற்ற வேண்டாம். நடுப் பட்டியலிலிருந்தே அழித்துவிடுங்கள். கிளவுட் டிரைவில் சிங்க் செய்யும் எண்ணம் இருந்தால் இது இன்னும் அவசியம்.

முதல் நாளே மொத்தத்தையும் ஏற்றாமல், தினமும் கை போகும் 20, 30 சுருக்கங்களை மட்டும் முதல் கோப்பில் வைத்துத் தொடங்குங்கள். ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் தட்டிப் பார்க்கவும்: நோட்பேட், வேர்ட், பிரவுசர். தமிழ் கீபோர்டு போட்ட நிலையில் ஒரு தடவை, எடுத்த நிலையில் ஒரு தடவை. வேர்டில் சோதிக்கும்போது பழைய ஆட்டோகரெக்டின் 'தட்டும்போதே மாற்று' டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் பாய்ந்து சொல் இரட்டிப்பாக விழலாம், எது விரித்தது என்றும் தெரியாது. டிக்கை எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய பட்டியலை அழிக்க வேண்டாம்.

நீண்ட விரிவுகளை எஸ்பேன்ஸோ எழுத்து எழுத்தாக அடிக்காமல் கிளிப்போர்டு வழியாக ஒட்டும். ரிமோட் டெஸ்க்டாப்பிலோ மெதுவான இணையதளத்திலோ விரிவுக்குப் பதிலாக நீங்கள் முன்னர் காப்பி செய்தது விழுந்தால், ஒட்டுவதற்கு முன்பே கிளிப்போர்டு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று பொருள். அந்தப் புரோகிராமுக்கு மட்டும் கான்ஃபிக்கில் 'பேக்எண்ட்' வரியை 'இன்ஜெக்ட்' என்று மாற்றுங்கள். விரிவு கண்முன்னே கொஞ்சம் மெதுவாக விழும், ஆனால் சரியாக விழும்.